செவிப்பூச்சியும் அதன் பெயரும்

பூஞ்சாடியைச் சற்றே அகற்றினால், வாலிற் குறடு தாங்கிய கபில நிறப் பூச்சியொன்று விரைந்தோடி மறைவதை அன்பர் பலர் கண்டிருப்பர். உறங்குவோரின் செவியுட் புகுமென மேனாட்டார் நெடுங்காலம் நம்பினராதலின், அதனைச் செவிப்பூச்சியென்னும் பொருள்பட அழைத்தனர். நம்பிக்கை பிழையெனக் கண்ட பின்னரும் பெயர் நிலைத்துவிட்டது.

சுவீடன் நாட்டறிஞர் லின்னேயசு, 1758இல் ஐரோப்பியச் செவிப்பூச்சிக்குப் 'போர்பிக்குலா ஒரிக்குலேரியா' எனப் பெயர் சூட்டினார். முதற்சொல் சாதியையும் மற்றையது இனத்தையும் குறிக்கும். முன்னதற்குச் சிறு கத்தரிக்கோல் என்பது பொருள். பின்னது செவியைச் சுட்டும். முன்சிறகுகள் தடித்த மூடிபோல் அமைந்தமையால், அவர் இப்பூச்சியை வண்டுகளுடன் சேர்த்து வைத்தார். ஆயின், வண்டு கூட்டுப்புழுவாகி உருமாறுவது. செவிப்பூச்சியின் குஞ்சோ தாயையொத்த உருவுடன் பிறந்து, தோலுரித்து வளர்வது. எனவே பின்வந்தோர் அதனைத் தனி வருணமாக்கினர். அவ்வருணத்தின் பெயர் 'தேர்மாப்தெரா'. தோற்சிறகுடையவை என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். இன்று அறியப்பட்ட இனங்கள் ஏறத்தாழ 2,000 ஆகும்.

பெயரிடுதல் வெறுஞ் சொல்லாராய்ச்சியன்று என்பதற்கு ஒரு வரலாறு சான்றாகும். நெப்போலியன் சிறையிருந்த சென் எலேனாத் தீவிலே, 80 மில்லிமீற்றர் அளவுக்கு வளரும் செவிப்பூச்சியொன்று வாழ்ந்தது. உலகிற் பெரியது அதுவே. பப்பிரீசியசு என்பார் 1798இல் அதற்கு எர்க்குலிசு என்னும் வீரனின் பெயரைச் சூட்டினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, அது பல நாடுகளிற் காணப்படும் 'லாபிடூரா றிப்பேறியா' என்னும் சிறிய இனமேயெனக் கொள்ளப்பட்டது. தனிப்பெயர் போகவே, பூச்சியும் மறக்கப்பட்டது.

1962இல் பறவையெலும்புகளைத் தேடிய இருவர், காய்ந்த பெருங்குறடுகளை அங்குக் கண்டெடுத்தனர். அவை புதிய இனமொன்றினவென்று கருதப்பட்டு, வேறு பெயரிடப்பட்டது. 1965இல் உயிருடன் பிடிக்கப்பட்டவற்றை ஒப்புநோக்கிய பின்னரே, பப்பிரீசியசு கண்ட பூச்சியே அதுவெனத் தெளிந்து, 'லாபிடூரா எர்க்குலியானா' எனப் பழைய பெயரை மீட்டனர்.

பெயர் மீண்டது, பூச்சி மீளவில்லை. 1967இன் பின் எவரும் அதனை உயிருடன் கண்டிலர். 2014இல் அது அற்றுப்போன இனமென அறிவிக்கப்பட்டது. கட்டட வேலைக்காக அது வாழ்ந்த கற்களை அகற்றியமையும், வெளியிலிருந்து புகுந்த எலியும் பூரானும் காரணங்களெனக் கருதப்படுகின்றன. வகைப்பாட்டுத் தவறே அதனைக் கொன்றதெனல் பொருந்தாது. எனினும், தனியினமென்று அறியப்படாத ஒன்றைக் காக்க எவர் முன்வருவர்?

சாதியும் இனமும் மனனஞ்செய்யச் சலிப்புறும் மாணவர் இதனைச் சிந்திப்பாராக. ஓருயிரை உள்ளவாறு கண்டு, பிறவற்றினின்று பிரித்து, அதற்குரிய பெயரால் அழைத்தலே அதனைப் பேணுதற்கு முதற்படியாகும்.