வேகக் கார் சேமிப்பாகுமா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

"யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்" என்பார்கள். காருக்கு இப்பழமொழி பொருந்தாது. கடையை விட்டு வெளியே வந்த நாள் முதலே அதன் விலை இறங்கத் தொடங்கிவிடும். ஆயினும் சில கார்களின் விலை ஓரிடத்தில் நின்று, பிறகு ஏறவும் செய்கிறது. அண்மைக் காலத்தில் சிறிய வேகக் கார்களைப் பற்றி இவ்வாறு பேசுகிறார்கள். அவற்றை வாங்கி வைத்தால் பிற்காலத்தில் பணமாகுமா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எனக்கு இது வெறும் பொழுதுபோக்குக் கேள்வி அன்று. உவரியில் எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். கப்பலில் வேலை பார்க்கும் என் பெரியப்பா மகன், தாம் சேர்த்த எட்டு லட்சம் ரூபாயை இப்படி ஒரு காரில் போடலாமா என்று யோசிக்கிறார். "நீ படிக்கிறவன்லா, கணக்குப் போட்டுச் சொல்லுடே" என்றார். அவருடைய தங்கையின் கல்யாணமும் அந்தப் பணத்தை நம்பித்தான் இருக்கிறது.

பின்கதவு மேல்நோக்கித் திறக்கும் சிறிய காரை ஹேட்ச்பேக் என்கிறோம். எடை குறைந்த அந்தக் காரில் வலிமையான எஞ்சினைப் பொருத்தினால் அது வேகக் காராகிவிடும். 1976-ல் ஜெர்மனியில் வெளிவந்த ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜி.டி.ஐ. இவ்வகைக்குப் புகழ் தேடித் தந்தது. 1.6 லிட்டர் எஞ்சின், 110 குதிரைத்திறன். 5,000 கார்கள் மட்டுமே செய்ய எண்ணிய நிறுவனம், முதல் தலைமுறையிலேயே நாலரை லட்சத்துக்கு மேல் செய்து விற்றது. 1984-ல் பிரான்சு நாட்டின் பெஜோ 205 ஜி.டி.ஐ. வந்தது. இன்று இவ்விரண்டையும் சேகரிப்போர் தேடி வாங்குகிறார்கள்.

லட்சக்கணக்கில் செய்த கார் எப்படி அரிய பொருளாயிற்று? துருப்பிடித்தவை, மோதி நொறுங்கியவை, உடைத்து விற்கப்பட்டவை போக எஞ்சியவை கொஞ்சமே. இளமையில் அவற்றை ஏக்கத்தோடு பார்த்தவர்களுக்குக் கையில் பணம் வந்தபோது தேடத் தொடங்கினார்கள். பொருளின் குறைவும் மனிதரின் ஏக்கமும் சேரும் இடத்தில் விலை ஏறுகிறது.

நம் ஊர்ப் பக்கம் இதற்கு உதாரணம் யமஹா ஆர்.எக்ஸ். 100. 1985 முதல் 1996 வரை இந்தியாவில் உற்பத்தியான 98 சி.சி. வண்டி அது. நல்ல நிலையில் உள்ள ஒன்றுக்கு இன்று கேட்கும் விலை, அது புதிதாக விற்ற விலையைப் போலப் பல மடங்கு. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதன் அமைப்பு மிக எளியது. ஒரு கார்புரேட்டர், ஒரு சிலிண்டர். திசையன்விளையில் உள்ள மெக்கானிக் கூட அதைப் பிரித்து மாட்டிவிடுவார்.

இந்தியாவில் விற்ற வேகக் கார்களின் கதை வேறு. 2013-ல் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ., 2015-ல் 145 குதிரைத்திறன் கொண்ட அபார்த் புன்டோ, 2017-ல் பலேனோ ஆர்.எஸ். ஆகியவை வந்தன. ஃபியட் கார்களின் விற்பனை இங்கே நின்றுவிட்டது. போலோ உற்பத்தியும் 2022-ல் முடிந்தது. 'இனி வராது' என்ற எண்ணமே இவற்றின் மதிப்பைத் தாங்குகிறது. ஆயினும் இவற்றில் டர்போவும், கணினியும், நுட்பமான கியர்பெட்டியும் உள்ளன. இருபது ஆண்டு கழித்து ஒரு மின்னணுப் பெட்டி பழுதானால், உதிரிபாகம் கிடைக்காமல் கார் முழுவதும் முடங்கக்கூடும்.

அரியது என்பதாலேயே விலை நிற்பதுமில்லை. 2016-ல் இறக்குமதியான போலோ ஜி.டி.ஐ. 99 கார்களே விற்பனைக்கு ஒதுக்கப்பட்டன. ஏறத்தாழ 26 லட்சம் என்று அறிவித்த விலையை அடுத்த ஆண்டே நிறுவனம் 20 லட்சமாகக் குறைத்தது.

சட்டத்தையும் பார்ப்போம். தனியார் காரின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். பின்பு ஐந்தாண்டுக்கு ஒருமுறை தகுதிச் சோதனை செய்து புதுப்பிக்க வேண்டும். அதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆயிற்று. 20 ஆண்டு கடந்த கார்களுக்கு 2025-ல் 10,000 ஆயிற்று. பழம்பெரும் வாகனம் என்ற தனிப் பதிவு வேண்டுமானால் 50 ஆண்டு நிறைந்திருக்க வேண்டும் என்பது 2021-ஆம் ஆண்டு விதி. இடைப்பட்ட 35 ஆண்டுகள் அது சட்டத்தின் கண்ணில் வெறும் பழைய கார்தான்.

இனி என் பாடத்துக்கு வருகிறேன். இரும்பு துருப்பிடிக்க ஆக்சிஜனும் நீரும் வேண்டும். எங்கள் கடற்காற்று மூன்றாவதாக உப்பையும் கொண்டுவருகிறது. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு மின்பகுளியாகிறது. குளோரைடு அயனிகள் உலோகத்தின் மெல்லிய காப்புப் படலத்தைத் துளைக்கின்றன. துத்தநாகப் பூச்சு தன்னை இழந்து இரும்பைக் காக்கும் என்றாலும், கீறலிலும் மடிப்பிலும் அது விரைவில் தீர்ந்துவிடும். வள்ளத்து எஞ்சினைக் கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுவது இதனால்தான். ஓடாமல் நிற்கும் காரின் அடிப்பாகத்தை யார் கழுவுவார்கள்? கோவையில் 2015-ல் திறக்கப்பட்ட ஜி.டி. கார் அருங்காட்சியகம் போன்ற இடங்களில் பழைய கார்கள் பளபளக்கின்றன என்றால், அவற்றுக்குக் கூரையும் பராமரிக்கும் கைகளும் இருக்கின்றன.

கணக்கு இதுதான். எட்டு லட்சத்தை 7 சதவீதக் கூட்டு வட்டிக்குப் போட்டால் பத்தாண்டில் ஏறத்தாழ 15 லட்சத்து 70 ஆயிரமாகும். காருக்கு இன்சூரன்ஸ், பாட்டரி, டயர், பராமரிப்பு என ஆண்டுக்கு 30,000 என்று வைத்தாலும் பத்தாண்டில் மூன்று லட்சம். ஆக, அந்தக் கார் 18 லட்சத்து 70 ஆயிரத்துக்கு விற்றால்தான் வட்டிக்குச் சமம். அதாவது வாங்கிய விலையைப் போல இரண்டேகால் மடங்குக்கும் மேல்! வள்ளம் வாங்கினால் மீன் தரும். வீடு கட்டினால் வாடகை தரும். நிறுத்தி வைத்த கார் ஒன்றும் தராது. அடுத்து வாங்குபவரின் ஆசையை மட்டுமே அது நம்பியிருக்கிறது.

ஆகவே நான் கண்ட முடிவு: எண்ணிக்கையில் குறைந்தது, நிறுவனம் தந்தபடியே மாற்றமின்றி இருப்பது, பழுதுபார்த்த பதிவுகள் முழுமையாக உள்ளது ஆகிய மூன்றும் கூடிய ஒரு சில கார்களே பிற்காலத்தில் மதிப்புப் பெறக்கூடும். அதுவும் கூரையும் பொறுமையும் உள்ளவர்களுக்கு. மற்றவர்கள் ஓட்டி மகிழ வாங்கலாம். அந்த மகிழ்ச்சியே அதன் வட்டி. ஒரு தங்கையின் கல்யாணப் பணம் நிற்க வேண்டிய இடம் அதுவன்று. அண்ணனிடம் இதையேதான் சொன்னேன்.