ஆடுகள மனிதர்கள் – 9: ராமன் விஜயனின் இரண்டாம் ஆட்டம்

ஒரு கால்பந்து வீரர் ஓய்வு பெற்றதும் அவருடைய வாழ்க்கைக் கணக்கை நாம் முடித்துவிடுகிறோம். எத்தனை கோல், எந்தெந்த கிளப், இந்தியாவுக்கு ஆடினாரா, இவ்வளவுதான் கேள்வி. ராமன் விஜயனுக்கு அந்தக் கணக்கு நன்றாகவே இருக்கிறது. 1996-97இல் தொடங்கிய தேசிய கால்பந்து லீக்கின் முதல் பருவத்தில் அதிக கோல் அடித்தவர் பாய்ச்சுங் பூட்டியா. அடுத்த பருவத்தில், 1997-98இல், அந்த இடத்தைப் பிடித்தவர் ராமன் விஜயன். எஃப்.சி. கொச்சின் அணிக்காக அவர் அடித்தது 10 கோல். ஈஸ்ட் பெங்காலுக்கு ஆடினார், மஹிந்திரா யுனைடெட்டுக்கு ஆடினார், இந்திய அணியின் சட்டையும் அணிந்தார். ஆனால் தமிழ்நாட்டுக் கால்பந்துக்கு அவர் செய்த பெரிய காரியம், பூட்ஸைக் கழற்றிய பிறகு பயிற்சியாளராகச் செய்ததுதான் என்பது என் கட்சி. நம் மாவட்டங்களில் கால்பந்து வளராததற்கும், இத்தகைய இரண்டாம் ஆட்டங்களை நாம் பொருட்படுத்தாததற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது.

சிவசக்தி நாராயணனைப் பாருங்கள். சிவகங்கை மாவட்டம் காரைக்குடிக்கு அருகே உள்ள கண்டனூரைச் சேர்ந்தவர். ராமன் விஜயன் தன் பெயரில் நடத்திய கால்பந்துப் பள்ளியில் உருவாகி, அங்கிருந்து பெங்களூரு எஃப்.சி.க்குப் போனார். 2022 செப்டம்பர் 18 அன்று கொல்கத்தாவில் டூரண்ட் கோப்பை இறுதி ஆட்டம், எதிரணி மும்பை சிட்டி. தொடக்க நிமிடங்களிலேயே தடுப்பாட்டக்காரர்களைத் தாண்டி ஓடிய சிவசக்தி, முன்னேறி வந்த கோல்கீப்பரின் தலைக்கு மேலாகப் பந்தைத் தூக்கிப் போட்டார். பெங்களூரு 2-1 என்று வென்று முதல் முறையாக அந்தக் கோப்பையை எடுத்தது. அதே பருவத்து ஐ.எஸ்.எல். போட்டியில் வளரும் வீரருக்கான விருதும் அவருக்குக் கிடைத்தது. எப்போது ஓட வேண்டும், எப்போது ஒரு நொடி நிற்க வேண்டும் என்பதை முன்கள வீரன் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்வதில்லை. அதே இடத்தில் ஆண்டுக்கணக்கில் ஆடியவர் பக்கத்தில் நின்று, தப்பு நடந்த அந்த நிமிடத்திலேயே திருத்தும்போதுதான் அது காலுக்கு வருகிறது.

ஒரே ஒரு பையனை வைத்து இவ்வளவு பேசலாமா என்று கேட்கலாம். சரி, கேரளத்துக்குப் போவோம். 1973 டிசம்பரில் எர்ணாகுளத்தில் கேரளம் முதல் முறையாக சந்தோஷ் கோப்பையை வென்றது. இறுதி ஆட்டத்தில் ரயில்வே அணியை 3-2 என்று தோற்கடித்தது. மூன்று கோலையும் அடித்தவர் கேப்டன் மணி. அந்த அணியின் பயிற்சியாளர் சைமன் சுந்தரராஜ், 1960 ரோம் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணியில் இருந்த தமிழர். கேரளம் அதற்குப் பிறகும் ஆறு முறை கோப்பையை எடுத்துவிட்டது. தமிழ்நாடு இன்றுவரை ஒரு முறைகூட எடுக்கவில்லை. பயிற்சியாளர் ஒருவர் மட்டுமே இதற்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. கேரளத்தில் காவல்துறை அணி இருந்தது, அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஆட்டங்கள் இருந்தன, ராத்திரி முழுக்கக் காத்திருந்து பார்க்கிற ரசிகர்கள் இருந்தார்கள். ஆனாலும் நம்மிடமிருந்து போன அனுபவத்தை அவர்கள் உட்கார வைத்துப் பயன்படுத்தினார்கள் என்பதை மறுக்க முடியாது.

நல்ல ஆட்டக்காரர் எல்லாம் நல்ல பயிற்சியாளர் ஆகிவிடுவாரா என்ற மறுப்பு வலுவானது. இந்தியாவின் தலைசிறந்த பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம் பள்ளி ஆசிரியர். நட்சத்திர வீரராகப் பெயர் வாங்கியவர் இல்லை. 1951இலும் 1962இலும் ஆசிய விளையாட்டுத் தங்கமும், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடமும் அவர் காலத்தில் வந்தவைதான். அவர் வாழ்க்கை என் வாதத்தை முறிக்கவில்லை, திருத்துகிறது. ஆடிய அனுபவம் மட்டும் போதாது, கற்பிக்கும் கலையும் வேண்டும். அதற்குத்தான் டி லைசென்ஸில் தொடங்கி சி, பி, ஏ, ப்ரோ என்று படிப்படியான பயிற்சிகள் இருக்கின்றன. ரஹீமுக்குக் கிடைத்த இன்னொன்று காலம். 1950 முதல் 1963இல் இறக்கும் வரை ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணி அவர் கையில் இருந்தது. கோடை விடுமுறையில் பத்து நாள் முகாம் போட்டுவிட்டுச் சான்றிதழ் கொடுப்பது பயிற்சி ஆகாது.

இன்னொரு மறுப்பு நம் ஊரிலிருந்தே வரும். திருவாரூர்ப் பக்கம் எங்கே சார் மைதானம் என்பார்கள். நியாயமான கேள்விதான். வெளியூர்க்காரர்கள் நினைப்பதுபோல அறுவடை முடிந்ததும் வயல் திடலாகிவிடுவதில்லை. சம்பா, தாளடிக் கதிர் நிற்கும்போதே அந்த ஈரத்தில் உளுந்தும் பயறும் விதைத்துவிடுகிறோம். தை, மாசியிலும் வயல் வேலை செய்துகொண்டுதான் இருக்கும். ஆகவே பிள்ளைகளுக்கு மிஞ்சுவது பள்ளிக்கூடத் திடல். அது பல ஊர்களில் இருக்கிறது. சாயங்காலம் நாலரை மணிக்குமேல் அங்கே நின்று சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை என்பதுதான் குறை. இது கபடி மண், கால்பந்து நமக்கு வராது என்பதும் நிற்காது. 2018இலும் 2023இலும் தேசிய மகளிர் கால்பந்துப் பட்டத்தை வென்றவர்கள் தமிழ்நாட்டுப் பெண்கள்தான்.

மேட்டூரில் ஜூன் 12ஆம் தேதி தண்ணீர் திறந்துவிட்டால் மட்டும் கடைமடை வயல் நனைந்துவிடாது; வாய்க்கால் தூர்வாரியிருக்க வேண்டும். கால்பந்தில் அந்த வாய்க்கால் உள்ளூர்ப் பயிற்சியாளர். மாநிலத்துக்கும், வங்கி அணிகளுக்கும், பல்கலைக்கழகத்துக்கும் ஆடி முடித்தவர்கள் டெல்டா மாவட்டங்களிலும் இருக்கிறார்கள். அவர்களில் கற்பிக்கும் ஆர்வம் உள்ளவர்களைத் தேர்ந்தெடுத்து, லைசென்ஸ் படிப்புக்கான கட்டணத்தை அரசே ஏற்று, ஒன்றியத்துக்கு ஒருவராகப் பள்ளித் திடலில் அமர்த்த வேண்டும். மாதச் சம்பளம் வேண்டும். குறைந்தது ஐந்தாண்டு இடமாற்றம் கூடாது. ஒரு பெரிய ஸ்டேடியம் கட்டும் செலவோடு ஒப்பிட்டால் இது சிறு தொகை. ஸ்டேடியத்துக்குத் திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு. பயிற்சியாளர் நியமனத்துக்கு அவை இல்லை. அதனாலேயே இது தள்ளிப்போகிறது. நம் வீரர்களின் இரண்டாம் ஆட்டத்துக்கு இடம் கொடுப்பது அவர்களுக்குக் காட்டும் நன்றி மட்டுமில்லை. நம் பிள்ளைகளுக்கு நாம் கொடுக்க வேண்டிய கடன். அதை இந்த மாவட்டம் கேட்டு வாங்க வேண்டும்.

(தொடரும்)