பருவத்துக்கு ஒரு டயர்



ஆண்டுக்கு இரண்டு முறை காரின் நான்கு டயர்களையும் கழற்றிவிட்டு வேறு நான்கு டயர்களை மாட்டிக்கொள்ளும் நாடுகள் இருக்கின்றன. கழற்றிய டயர்கள் தேய்ந்துபோனவையா என்றால், அதுவும் இல்லை. நல்ல டயர்களையே கழுவித் துடைத்து எடுத்து வைக்கிறார்கள். பருவம் மாறியதும் மீண்டும் மாட்டுகிறார்கள். பூவெல்லாம் அழிந்து மொட்டையான பிறகும், 'தீபாவளி வரைக்கும் ஓடட்டும்' என்று ஓட்டுகிறவர்களுக்கு இது பணக்கார நாட்டு ஆடம்பரமாகத் தோன்றலாம். அங்கே அது சட்டம். சுவீடனில் டிசம்பர் 1 முதல் மார்ச் 31 வரை, சாலையில் பனியோ உறைபனியோ இருந்தால் குளிர்கால டயர் இல்லாமல் கார் ஓட்டக்கூடாது. ஜெர்மனியில் 2010-ஆம் ஆண்டிலிருந்து இத்தகைய கட்டாயம் இருக்கிறது. கனடாவின் கியூபெக் மாநிலம் 2008-இல் சட்டம் கொண்டுவந்தது.

பனியையே பார்த்திராத நமக்கு இந்தப் பேச்சு எதற்கு என்று கேட்கலாம். இரண்டு காரணங்கள் உண்டு. உலகில் கிடைக்கும் இயற்கை இரப்பரில் ஏறக்குறைய 70 விழுக்காடு டயருக்கே போகிறது. நம் பாட்டன் பாட்டி காலம் தொட்டு விடியலில் எழுந்து வெட்டிய பால் அந்தப் பனிச் சாலைகளில்தான் உருண்டுகொண்டிருக்கிறது. மற்றொரு காரணம் நம் வீட்டுக் காரைப் பற்றியது. அதைப் பிறகு சொல்கிறோம்.

மரத்திலிருந்து வடிந்த பால் மங்கிலேயே உறைந்து கட்டிப்பாலாகிறது. ஆலையில் அதை நறுக்கி, அலசி, உலர்த்தி, 33 கிலோ சொச்சம் எடையுள்ள பாளங்களாக அழுத்துகிறார்கள். எஸ்.எம்.ஆர். 20 என்ற தரமுள்ள இந்தப் பாளந்தான் பெரும்பாலும் டயர் ஆலைக்குப் போவது. எஸ்.எம்.ஆர். என்னும் தரமுறையை 1965-இல் உலகுக்குக் கொடுத்தது நம் நாடு.

பச்சை இரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும் என்பது ஒட்டுப்பால் பொறுக்கிய கைகளுக்குத் தெரியும். கடுங்குளிரில் அது விறைத்துப் போகும். இந்த இரண்டு குறையும் நீங்க வழி கண்டவர் அமெரிக்கரான சார்ல்ஸ் குட்இயர். 1839-இல் அவர் இரப்பருடன் கந்தகத்தைச் சேர்த்துச் சூடுகாட்டிப் பார்த்தார். இரப்பர் உறுதியும் நெகிழ்வும் பெற்றது. ஆனாலும் வெப்பத்தையும் குளிரையும் இரப்பர் அடியோடு மறந்துவிடவில்லை. டயரில் இயற்கை இரப்பரோடு செயற்கை இரப்பர், கரித்தூள், சிலிக்கா என்று பலவும் கலக்கிறார்கள். எதை எவ்வளவு கலப்பது என்பதைப் பொறுத்து, எந்தச் சூட்டில் அது மெதுவாக இருக்கும், எந்தக் குளிரில் விறைக்கும் என்பது அமைகிறது.

கேமரன் மலையில் இருப்பவர்களைக் கேளுங்கள். காலையில் தேங்காய் எண்ணெய் போத்தலைக் கவிழ்த்தால் எண்ணெய் விழாது, உறைந்திருக்கும். அதே எண்ணெய் கீழே ஈப்போவில் தண்ணீராக ஓடும். டயர் இப்படித் திடீரென்று உறைவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக இறுகுகிறது. வெப்ப காலத்துக்கென்று செய்த டயர் ஏறத்தாழ 7 பாகை செல்சியசுக்குக் கீழே போகும்போது பிடிப்பை இழக்கத் தொடங்குகிறது என்பது பொதுக் கணக்கு. சாலையின் தார்ப்பரப்பு நம் கண்ணுக்குச் சமமாகத் தெரிந்தாலும் உண்மையில் மேடும் பள்ளமும் நிறைந்தது. மெதுவான இரப்பர் அந்தச் சிறு பள்ளங்களுக்குள் அமுங்கிப் பற்றிக்கொள்கிறது. விறைத்த இரப்பர் மேலாகச் சறுக்கிவிடுகிறது. அதனால் குளிர்கால டயரின் கலவையில் பொதுவாக இயற்கை இரப்பரும் சிலிக்காவும் கூடுதலாக இருக்கும். நம் மரத்துப் பாலுக்கு இது ஒரு பெருமை. இயற்கை இரப்பர் கடுங்குளிரிலும் எளிதில் விறைப்பதில்லை.

கலவை மட்டும் போதாது. பூவும் வேறாக இருக்க வேண்டும். டயரின் மேல் வெட்டியிருக்கும் கோலத்தை மலாய் மொழியில் பூ என்றே சொல்கிறார்கள். நமக்கும் அந்தப் பேச்சு ஒட்டிக்கொண்டது. குளிர்கால டயரின் பூவில் பள்ளங்கள் ஆழமாக இருக்கும். அந்தப் பள்ளத்துக்குள் பனி புகுந்து, கொழுக்கட்டைக்கு மாவு பிடிப்பதுபோல் இறுகிக்கொள்ளும். இறுகிய பனி தரையிலுள்ள பனியைப் பற்றிக்கொள்ளும். பனியைப் பிடிக்கப் பனியே உதவுகிறது! இதைத் தவிர, ஒவ்வொரு கட்டத்தின் மேலும் மெல்லிய கத்தியால் கீறியதுபோல் நூற்றுக்கணக்கான கீறல்கள் இருக்கும். உறைபனியின் மேலுள்ள மெல்லிய நீர்ப்படலத்தை அவை விலக்கும். கீறலின் ஓரங்கள் பனியைச் சுரண்டிப் பிடிக்கும்.

இந்த வகை டயரை முதலில் செய்தவர்கள் பின்லாந்துக்காரர்கள். இன்று நோக்கியன் என்று வழங்கும் நிறுவனம் 1934-இல் லாரிகளுக்கும் 1936-இல் கார்களுக்கும் குளிர்கால டயர் செய்து விற்றது. பின்னர் டயரில் இரும்பு ஆணி பதிக்கும் வழக்கம் வந்தது. ஆணி உறைபனியை நன்றாகக் கவ்வும். பனி இல்லாத இடத்தில் சாலையையே கொறித்துத் தின்றுவிடும். ஜப்பானில் இப்படி எழுந்த தூசியால் ஊர் மக்கள் மூச்சுவிடத் திணறி முறையிட்டதன் பேரில், 1990-இல் ஆணி டயரைத் தடுக்கச் சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக ஆணியில்லாத, மிக மெதுவான இரப்பரால் ஆன டயர் அங்கே பெருகிற்று. 'ஸ்டட்லெஸ்' என்று அதற்குப் பெயர். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாற்றும் முறையையும் சொல்லிவிடுவோம். ஜெர்மனியில் அக்டோபர் முதல் ஈஸ்டர் வரை குளிர்கால டயர் என்று ஒரு வாய்மொழிக் கணக்கு உண்டு. முதல் பனி விழுந்த பின் பட்டறைக்கு ஓடினால் வரிசை நீண்டுவிடும். பலர் குளிர்கால டயரைத் தனி ரிம்மில் பூட்டி வைத்திருப்பார்கள். சக்கரத்தோடு மாற்றிவிட்டால் வேலை எளிது. கழற்றும்போது முன் இடது, பின் வலது என்று சாக்கட்டியால் எழுதிவிட்டு, வெயிலும் எண்ணெயும் படாத குளிர்ந்த இடத்தில் வைப்பார்கள். வீட்டில் இடமில்லாதவர்களுக்காக டயர் விடுதிகளும் இருக்கின்றன. ஆம், வாடகை கொடுத்து டயரைத் தங்க வைக்கிறார்கள்! மாட்டிய பிறகு ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி முறுக்கிப் பார்ப்பது வழக்கம். இந்தக் கடைசிப் பழக்கம் நமக்கும் வேண்டியது. டயர் மாற்றி வந்தால் நட்டு இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்கிறவர்கள் நம்மில் மிகக் குறைவு.

இனி, பிறகு சொல்கிறோம் என்ற மற்றொரு காரணத்துக்கு வருவோம்.

தோட்டச் சம்பளத்தில் நான்கு புது டயர் வாங்குவது சிறிய செலவன்று. ஆகவே பழைய டயர் கடைக்குப் போகிறோம். போவதைக் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. பிள்ளைகளின் பள்ளிச் செலவையும் வைத்துக்கொண்டுதானே கணக்குப் போட வேண்டும்? அங்கே குவியலில் வெளிநாட்டிலிருந்து வந்த டயர்களும் கலந்திருக்கக்கூடும். அவற்றில் பூ ஆழமாக, கைக்கு மெத்தென்று, புதிதுபோல் ஒன்று கிடைத்தால் மனம் அதில்தான் போகும். அது ஜப்பானின் ஸ்டட்லெஸ் டயராக இருந்தால், நம் சாலைக்கு அது ஆகாது. கேமரன் மலை வானிலை நிலையத்திலேயே மிகக் குறைவாகப் பதிவான குளிர் 7.8 பாகை, அது 1978 பிப்ரவரி 1 அன்று. குளிர்கால டயரின் வேலை தொடங்கும் இடத்தையே நம் மலை எட்டவில்லை என்றால் சமவெளித் தோட்டங்களைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? நம் சூட்டில் அந்த இரப்பர் அளவுக்கு மீறி மெதுவாகிவிடுகிறது. பூவின் கட்டங்கள் நெளிகின்றன, விரைவில் தேய்கின்றன, பிரேக் பிடித்தால் கார் நிற்க அதிக தூரம் பிடிக்கிறது. மழையிலும் அது நம்பத் தகுந்ததன்று. உறைபனியில் அதிகப் பரப்பு தரையைத் தொட வேண்டும் என்று செய்த பூ, நம் ஊர் அடைமழையின் நீரைத் தள்ளுவதற்கு ஏற்றதாக இராது.

அடையாளம் காண்பது எளிது. டயரின் பக்கவாட்டில் மூன்று சிகரமுள்ள ஒரு மலையும் அதற்குள் ஒரு பனிப்பூவும் பதித்திருந்தால் அது குளிருக்குச் சோதித்துத் தேர்ந்த டயர். ஸ்டட்லெஸ் என்ற சொல்லே ஆங்கில எழுத்தில் இருந்தாலும் வேண்டாம். ஆங்கிலம் படிக்கும் பிள்ளையைக் கடைக்கு உடன் அழைத்துப் போங்கள். டி.ஓ.டி. என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களையும் படிக்கச் சொல்லுங்கள். 3521 என்றிருந்தால் 2021-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் செய்தது. பத்து ஆண்டு கடந்த டயரைப் பூ எவ்வளவு நன்றாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். இரப்பர் முதிர்ந்து வெடிப்பு விட்டிருக்கும்.

நமக்கும் பருவம் உண்டு, அது மழை. கிழக்குக் கரையில் நவம்பர் முதல் மார்ச் வரை பருவக்காற்று மழை. மேற்குக் கரையில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை. மரம் வெட்டப் போகலாமா என்று வானத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதை நாங்கள் சொல்லித் தர வேண்டியதில்லை. ஈரச் சாலையில் வேகமாகப் போகும்போது, டயருக்கு முன்னால் சேரும் நீர் பூவின் பள்ளங்கள் வழியாக வெளியேற வேண்டும். பள்ளம் இல்லாவிட்டால் டயர் நீரின் மேல் ஏறி மிதக்கும். அப்போது ஸ்டியரிங் கையில் கனமில்லாமல் சுழலும், பிரேக்கும் கேட்காது. புது டயரின் பூ 7, 8 மில்லிமீட்டர் ஆழமிருக்கும். நம் நாட்டுச் சட்டம் 1.6 மில்லிமீட்டர் வரை அனுமதிக்கிறது. பள்ளத்துக்குள் குறுக்கே சிறு மேடுகள் இருப்பதைப் பார்க்கலாம். பூ தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் அந்த எல்லை வந்துவிட்டது என்று பொருள். மழைக் காலத்துக்கு இது மிகவும் தாழ்ந்த எல்லை. 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவது நல்லது என்பது எங்கள் கருத்து.

மொட்டை டயரில் கத்தியால் கீறிப் புதுப் பூ போட்டுத் தருகிறவர்களும் உண்டு. கார் டயரில் அதற்கு வேண்டிய கனம் கிடையாது. கீறினால் உள்ளேயிருக்கும் கம்பி வலைக்கு மிக அருகில் கத்தி போய்விடும். காசு மிச்சமென்று அதை மட்டும் ஏற்காதீர்கள்.

நான்கும் வாங்க முடியாமல் இரண்டு மட்டும் வாங்குகிறவர்கள் புதியவற்றை எங்கே மாட்டுவது? முன் சக்கரந்தானே திருப்புகிறது, அங்கேதான் என்று பலர் சொல்வார்கள். பின்னாலே மாட்டச் சொல்லுங்கள். முன் டயர் வழுக்கினால் ஓட்டுகிறவர் அதை உணர்ந்து வேகத்தைக் குறைக்க முடியும். பின் டயர் வழுக்கினால் வால் வீசிக் கார் சுழன்றுவிடும். பின் இருக்கையில் பிள்ளைகள் இருப்பார்கள். குளிர்நாட்டில் இரண்டோடு நிறுத்தாமல் நான்கையும் மாற்றச் சொல்வதும் இதே காரணத்தால்தான். பட்டறைக்காரர் மறுத்துப் பேசினாலும், டயரை இறக்குவதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுங்கள். மாட்டி முடித்த பின் சொன்னால் கூலி இரண்டு முறை கேட்பார்.