காகாப்போக் கிளியின் மரபெழுத்து

கிளியென்றால் பறப்பதென்பதே நம் எண்ணம். நியூஜிலாந்து தேசத்துக் காகாப்போக் கிளியோ பறக்கமாட்டாது. இரவில் நடந்தே இரைதேடும். பகைவரைக் கண்டால் அசையாது நிற்பதே அதன் காவல். பருந்தினத்தின் கண்ணுக்குத் தப்ப அது போதுமாயிருந்தது; மனிதரோடு வந்த எலி, பூனை முதலியவற்றின் மோப்பத்துக்குப் போதவில்லை. 1995-ம் ஆண்டில் 51 பறவைகளே எஞ்சின.

அவற்றைப் பகையற்ற சிறு தீவுகளிற் சேர்த்துக் காத்தனர். ஆயினும் முட்டைகளிற் பல பொரியவில்லை. நெருங்கிய உறவினுள் இணைந்ததால் நேர்ந்த கேடோ என ஐயுற்ற அறிஞர், அப்பறவைகளின் மரபெழுத்தையே படித்தறியத் துணிந்தனர்.

மரபெழுத்தென்பது யாது? உயிரணு ஒவ்வொன்றிலும் டி.என்.ஏ. என்னும் நுண்ணிழை உண்டு. அது நான்கே எழுத்துக்களால் எழுதப்பெற்ற நூலை ஒக்கும். காகாப்போவின் நூலில் 100 கோடிக்கு மேற்பட்ட எழுத்துக்கள் உள்ளன. சிறிது இரத்தமெடுத்து, அவ்விழையைத் துண்டுதுண்டாகப் படித்து, கணிப்பொறியால் ஒழுங்குபெறச் சேர்ப்பர். ஜேன் எனப் பெயரிய பெண்பறவையின் நூல் மூலபாடமாயிற்று. ஏனையவற்றை அதனோடு ஒப்பிட்டால், எப்பறவைக்கு எது நெருங்கிய உறவென்பது விளங்கும். 2023-ல் வெளிவந்த ஆராய்ச்சி 169 பறவைகளின் நூல்களை ஆராய்ந்தது.

இனி வியப்புக்குரியதைக் கேண்மின். இன்றுள்ளவை பெரும்பாலும் 1977-ல் ஸ்டூவர்ட் தீவிற் கண்டறியப்பட்டவற்றின் வழிவந்தவை. அத்தீவுக் குலம் ஏறத்தாழ 10,000 ஆண்டுகளாகத் தனித்துச் சிறுத்து வாழ்ந்தது. ஆதலின் அதிற் குறைகள் மலிந்திருக்குமென்றே எவரும் கருதுவர். 2021-ல் வெளிவந்த ஆராய்ச்சி, பொருட்காட்சிசாலைகளிலிருந்த பெருநிலத்துப் பறவைகளின் பழந்தோல்களையும் படித்து ஒப்பிட்டது. தீங்கான எழுத்துப்பிழைகள் தீவுக் குலத்திலேயே குறைவாயிருந்தன! காரணம் யாதெனில், தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக வரும் இரு படிகளுள் ஒன்றிற் பிழையிருப்பின் மற்றது மறைக்கும்; உறவினுள் இணையுங்கால் பிழை இரண்டிலும் நேர்ந்து வெளிப்படும்; அதனையுடைய பறவை சந்ததியின்றி மாளும். இங்ஙனம் பல தலைமுறைகளிற் பெரும்பிழைகள் களையப்பட்டன.

1975-ல் பெருநிலத்திற் கிடைத்த ரிச்சர்டு ஹென்றி என்னும் ஆண்பறவையின் வழித்தோன்றல்கள் குலத்திற்குப் புதுமை தருவன. ஆனால் தீவுக் குலத்தில் இல்லாத பிழைகளையும் கொணரக்கூடும். எதனை எதனோடு ஒரு தீவிற் சேர்ப்பதென்பதை இரண்டையும் சீர்தூக்கியே முடிவுசெய்தல் வேண்டும்.

2022-ல் இக்கிளிகளின் தொகை 252 ஆயிற்று. காவலரின் உழைப்பே இதற்கு முதற் காரணம். மரபெழுத்தை அறிதல் அவ்வுழைப்பிற்குக் கண் போன்றது. எண்ணிக்கை குறைந்த குலமெல்லாம் நலிந்த குலமன்று என்பதை நாம் இதனால் அறிகின்றோம்.