பெரியப்பாவின் ஒளிநாடா: பழைய மேடை இசையைப் பார்ப்பது எப்படி?

"தமிழ் மொழிக் கழக ஆண்டிதழில் அலிகேட்ஸைப் பற்றி ஒரு கட்டுரையா? அவர்கள் பாடியது மலாயில் அல்லவா?" கட்டுரைத் தலைப்பைச் சொன்னபோது கழக நண்பர் ஒருவர் இப்படித்தான் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கான பதில் இக்கட்டுரையில் எங்காவது வந்து சேரும் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

அலிகேட்ஸ் பெயரை அறியாத மலேசியர் குறைவு. 1960களின் இறுதியில் பினாங்கில் தொடங்கிய இசைக்குழு அது. டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்ற அண்ணன் தம்பி இருவரும் அதன் முகங்கள். 1970களில் ஹாங்காங் சென்று அங்குள்ள இரவு விடுதிகளில் வாசித்தார்கள். பின்னர் மலாய்ப் பாடல்களுக்கு வந்தார்கள். 1979-இல் 'தெரிமா காசே' இசைத்தட்டு வெளிவந்தது. அவர்களுடைய புகழ்பெற்ற பாடல்கள் பலவற்றுக்கு இசையமைத்தவர் சிங்கப்பூரில் பிறந்த எம். நாசிர். கண்டிப்பான பொருளில் இதை 'ராக்' குழு என்று சொல்ல முடியாது. 'சர்ச்', 'விங்ஸ்' ரசிகர்கள் சண்டைக்கே வருவார்கள். ஆனால் கிட்டார், டிரம்ஸ், மின்னிசைப் பலகை, மேடையில் நின்று தாங்களே வாசித்துத் தாங்களே பாடும் முறை என எல்லாம் அந்தப் பள்ளியில் படித்தவைதாம்.

நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்து, புதுமுக வகுப்பு வழியாகத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனவள். நான்காம் படிவத்தில் ஆசிரியர் தினத்தன்று என் மலாய்த் தோழி 'ஜிகா காவ் பெர்சிந்தா லாகி' பாடினாள். அரங்கமே சேர்ந்து பாடியது. நானும்தான். பாடி முடித்து இறங்கிய பிறகு, "இந்தப் பாட்டைப் பாடினது உங்க ஆளுங்கதானே?" என்று அவள் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை! வானொலியில் எத்தனையோ முறை கேட்ட பாட்டு. அந்தக் குரலுக்குப் பின்னால் ஆறுமுகம் என்ற பெயர் இருப்பது என் தோழிக்குத் தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை. அன்று பட்ட வெட்கம் இன்னும் போகவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அப்பா சிரித்துவிட்டு என்னைப் பெரியப்பா வீட்டுக்கு அழைத்துப் போனார். எங்கள் வீடும் அவர் வீடும் பூச்சோங்கில்தான், இரண்டு தாமான் தள்ளி. பெரியப்பா இளவயதில் கிள்ளானில் ஒரு கல்யாண இசைக்குழுவில் டிரம்ஸ் வாசித்தவர். ஐந்து ஆண்டுகளுக்கு முன் வந்த பக்கவாதத்தில் இடக்கை செயலிழந்துவிட்டது. அவருடைய அலமாரியில் தொலைக்காட்சியிலிருந்து பதிவு செய்த ஒளிநாடாக்கள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. ஒன்றின் மேல் 'அலிகேட்ஸ் + கதம்பம்' என்று எழுதியிருந்தது. தேதி இல்லை. அதை அவரோடு உட்கார்ந்து பார்த்த மாலைகளில்தான், பழைய மேடைப் பதிவைப் பார்ப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது என்பதைக் கற்றுக்கொண்டேன்.

முதலில் தேதி. எழுதி வைக்காவிட்டாலும் படமே ஓரளவு சொல்லிவிடும். மலேசியாவில் தொலைக்காட்சி தொடங்கியது 28 டிசம்பர் 1963-இல். வண்ண ஒளிபரப்பு 1978 டிசம்பரில்தான் வந்தது. எனவே, வண்ணத்தில் இருக்கும் உள்ளூர் ஒளிபரப்பு எதுவும் அதற்குப் பிந்தியது. அடுத்து, வி.எச்.எஸ். ஒளிநாடாவை ஜப்பானின் ஜே.வி.சி. நிறுவனம் 1976-இல் அறிமுகப்படுத்தியது. பெரியப்பா தம் முதல் பதிவுக் கருவியை வாங்கியது அப்பா ஐந்தாம் படிவம் படித்த ஆண்டில், அதாவது 1985. ஆக, அந்த நாடா அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. ஆனால் நிகழ்ச்சி எப்போது நடந்தது என்பது வேறு, எப்போது ஒளிபரப்பானது என்பது வேறு. மறுஒளிபரப்பாகவும் இருக்கலாம். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, பதிவு செய்த ஆண்டையே நிகழ்ச்சியின் ஆண்டாகச் சொல்லிவிடுவது நம்மில் பலர் செய்யும் தவறு.

இரண்டாவது கேள்வி முக்கியமானது. நாம் கேட்கும் ஒலி நாம் பார்க்கும் மேடையிலிருந்து வருகிறதா? அன்றைய தொலைக்காட்சிகளில், உலகம் முழுவதும், இசைத்தட்டை ஓடவிட்டுக் கலைஞர்களை வாயசைக்கச் செய்வது சாதாரண வழக்கம். பி.பி.சி.யின் 'டாப் ஆஃப் த பாப்ஸ்' நிகழ்ச்சி இதற்குப் பேர் போனது. எங்கள் நாடாவின் 'கதம்ப'ப் பகுதியில் ஒரு குழு வந்தது. நான் தாளம் போட்டு ரசித்துக்கொண்டிருந்தேன். பெரியப்பா, "ஏம்மா, அந்தக் கிட்டாருக்கு வயரு எங்க?" என்றார். வயர் இல்லை. கம்பியில்லா இணைப்பு பரவலாகாத காலத்தில், ஒலிபெருக்கியோடு இணைக்காத மின்கிட்டார் வெறும் மரக்கட்டைதான். அதிலிருந்து அவ்வளவு ஓசை வராது.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கியது. டிரம்ஸுக்கு அருகில் ஒலிவாங்கி உண்டா என்று பாருங்கள். பாடகர் ஒலிவாங்கியை வாயிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடிக்கும்போது குரல் மெலிகிறதா என்று கவனியுங்கள். மெலியாவிட்டால் அது தட்டில் உள்ள குரல். நேரடியாகப் பாடுபவர் உச்சத்தில் பாடும்போது ஒலிவாங்கியைத் தள்ளிப் பிடிப்பார், மெல்லிய சொல் வரும்போது உதட்டருகே கொண்டுவருவார். இது கைப்பழக்கம். நடிக்கும்போது இந்தப் பழக்கம் பெரும்பாலும் குரலோடு பொருந்தாது.

இவற்றையெல்லாம்விட எளிய சோதனை பாட்டின் முடிவு. இசைத்தட்டில் பல பாடல்கள் ஒலி குறைந்து குறைந்து தேய்ந்து மறையும். பதிவுக்கூடத்தில் ஒரு பொறியாளர் கைப்பிடியை இறக்கினால் போதும். மேடையில் நிற்கும் ஐந்து பேரால் அப்படித் தேய முடியாது. அவர்கள் பாட்டை முடித்தே ஆக வேண்டும். எப்படி முடிப்பது என்பதை முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும், இல்லையேல் அந்தக் கணத்தில் கண்ணால் பேச வேண்டும். "பாட்டுல கடைசி இருபது நொடிய பாரு, குழு நல்லதா கெட்டதான்னு தெரிஞ்சிடும்" என்பார் பெரியப்பா. கிட்டார்காரர் டிரம்ஸ் பக்கம் திரும்புவார், டிரம்ஸ் வாசிப்பவர் தலையை ஒருமுறை ஆட்டுவார், எல்லோரும் ஒரே அடியில் நிற்பார்கள். தட்டில் இதைக் கேட்கவே முடியாது. இந்தத் தலையாட்டலைப் பார்ப்பதற்காகவே நான் இப்போது பழைய மேடைப் பதிவுகளைத் தேடுகிறேன்.

நேரடி என்று விளம்பரப்படுத்தப்படுபவை எல்லாம் முழுக்க நேரடியும் அல்ல. லெட் செப்பலின் குழு 1973 ஜூலையில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்குவேர் கார்டனில் மூன்று இரவுகள் நடத்திய நிகழ்ச்சிகளைத் திரைப்படமாக எடுத்தார்கள். படம் 1976-இல் வெளியானது. படச்சுருளைப் பார்த்தபோது இடையிடையே காட்சிகள் விடுபட்டிருந்தன. அதனால் 1974-இல் இங்கிலாந்தின் ஷெப்பர்டன் படப்பிடிப்புத் தளத்தில் அதே மேடையைப் போல அமைத்து, விடுபட்ட காட்சிகளை நடித்துக் கொடுத்தார்கள். அதற்குள் ஜான் பால் ஜோன்ஸ் தம் நீளமுடியை வெட்டியிருந்தார். பொய்முடி வைத்துக்கொண்டு நின்றார்! இதைத் தெரிந்துகொண்ட பிறகு படத்தைப் பார்த்தால், இசையைவிட அவருடைய முடியின் மீதுதான் கண் போகிறது.

முடி என்றதும் நம் நாட்டுச் செய்தி ஒன்று நினைவுக்கு வருகிறது. 1992-இல் தகவல் அமைச்சராக இருந்த முகமது ரஹ்மாட், நீளமுடி வைத்த ராக் பாடகர்கள் ஆர்.டி.எம். திரையில் தோன்றத் தடை விதித்தார். 'சர்ச்' குழுவின் ஏமி முடியை வெட்டிக்கொண்டதும் அப்போதுதான். எது திரையில் வந்ததோ அதுதான் வீட்டு நாடாக்களில் பதிவாகியிருக்கும். எனவே பழைய பதிவுகளை வைத்து ஒரு காலத்தின் இசையை எடைபோடும்போது, திரைக்கே வராதவர்களும் இருந்தார்கள் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

இனி அலிகேட்ஸ் பகுதிக்கு வருகிறேன். பதினொரு நிமிடம்தான். படம் தெளிவில்லை. வி.எச்.எஸ். நாடாவில் நுட்பமான விவரம் ஏறத்தாழ 240 கோடுகள் அளவுக்கே பதியும். இன்றைய கைப்பேசி ஒளிப்பதிவோடு ஒப்பிட்டால் பனிமூட்டத்தில் பார்ப்பது போல்தான். ஆனாலும் டேவிட்டின் அந்தப் பெரிய சுருள்முடி எந்த மூட்டத்திலும் தெரியும். பக்கத்தில் லோகநாதன். இருவருக்கும் தனித்தனி ஒலிவாங்கி, கீழே வயர் ஓடுகிறது. பெரியப்பா திருப்தியோடு தலையாட்டினார்.

உடன்பிறந்தவர்கள் சேர்ந்து பாடும்போது குரல்கள் தனியாக இழைவதை உலகம் முழுவதும் கவனித்திருக்கிறார்கள். எவர்லி சகோதரர்களும் பீ கீஸும் இதற்கு நல்ல எடுத்துக்காட்டுகள். ஒரே வீட்டில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லை உச்சரிக்கும் விதமும் மூச்சு எடுக்கும் இடமும் ஒன்றாக இருப்பது ஒரு காரணம் எனலாம். இரு குரல் சேர்ந்து வரும் இடங்களில் நான் இப்போது வாயைப் பார்ப்பதில்லை, தோளைப் பார்க்கிறேன். மூச்சு எடுக்கும்போது தோள் சற்று உயரும். இருவர் தோளும் ஒன்றாக உயர்ந்தால் அடுத்த வரி ஒன்றாக விழும்.

லோகநாதன் 2007-இல் நுரையீரல் புற்றுநோயால் மறைந்தார். டேவிட் குழுவைத் தொடர்ந்து நடத்தினார். ஆகவே இந்தப் பதினொரு நிமிடத்தில் தெரியும் அந்த இரண்டு தோள்களை இனி எந்த மேடையிலும் பார்க்க முடியாது. தட்டில் இருவர் குரலும் இருக்கிறது, எப்போதும் இருக்கும். ஆனால் தட்டு எனக்கு அவர்கள் யார் என்பதைச் சொல்லவில்லை என்பதை முன்பே சொல்லிவிட்டேன். கழக நண்பருக்கான பதில் இதுதான்: காதால் கேட்டபோது அது எனக்கு ஒரு மலாய்ப் பாட்டு. கண்ணால் பார்த்தபோதுதான், நம் அப்பா, பெரியப்பா போன்ற முகமுள்ள இருவர் நாட்டின் முன்னால் நின்று, தேசிய மொழியில், எந்தத் தயக்கமும் இல்லாமல் பாடுவது தெரிந்தது. அதே சமயம் அதைத் 'தமிழர் குழு' என்று முத்திரை குத்தி நாம் மட்டும் எடுத்துக்கொள்ளவும் முடியாது. குழுவில் மற்ற இனத்தவரும் வாசித்தார்கள், பாட்டுக்கு இசையமைத்தவரும் வேறு. என் தோழிக்கும் அது அவளுடைய பாட்டுதான்.

பெரியப்பா இவர்கள் இருவரையும் அதிகம் பார்ப்பதில்லை. பின்னால் இருட்டில் பாதி மறைந்திருக்கும் டிரம்ஸ் வாசிப்பவரின் இடக்கையையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் ஒன்றும் கேட்பதில்லை.

சென்ற ஆண்டு அந்த நாடாவை எடுத்தபோது, சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பொடி போல ஏதோ படிந்திருந்தது. பூசணம். ஒளிநாடா என்பது பிளாஸ்டிக் பட்டையின் மீது காந்தத் துகளைப் பசையால் ஒட்டிய பொருள். நம் நாட்டு ஈரக் காற்று அந்தப் பசைக்கும் பகை, பூசணத்துக்கு நண்பன். அப்படியே கருவியில் போட்டால் பூசணம் உள்ளே பரவும். கருவியின் தலைப்பகுதி நிமிடத்திற்கு 1,500 முறை சுழன்றபடி நாடாவை உரசிப் படிக்கிறது. அந்த வேகத்தில் ஒட்டும் அழுக்கு நாடாவைக் கீறவும் கூடும். முதலில் கொடுத்த கடையில் பார்க்காமலேயே ஓடவிட்டார்கள். மூன்று நிமிடம் போய்விட்டது. பதினொன்று எட்டானது.

மீதியை வேறொருவர் காப்பாற்றினார். நாடாவை உலர்ந்த இடத்தில் சில வாரம் வைத்து, கூட்டைத் திறந்து, மென்மையான துணியால் மெதுவாகத் துடைத்து, சுத்தமான வேறொரு கூட்டுக்கு மாற்றி, ஒரே ஒருமுறை ஓடவிட்டுக் கணினியில் ஏற்றினார். உலகில் கடைசியாக வி.எச்.எஸ். கருவி தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016-இல் நிறுத்திவிட்டது. இருக்கும் பழைய கருவிகள் பழுதானால் மாற்றுவதற்குப் புதியது இல்லை. பி.பி.சி. போன்ற பெரிய நிலையமே, நாடாவின் விலையை எண்ணி, 1960களிலும் 70களிலும் எத்தனையோ நிகழ்ச்சிகளை அழித்து அதே நாடாவில் வேறொன்றைப் பதிந்தது. பின்னாளில் அவற்றில் சில திரும்பக் கிடைத்தது தனியார் வீடுகளிலிருந்துதான்.

உங்கள் வீட்டிலும் பெரியப்பா, மாமா யாராவது ஒருவர் இப்படி ஒரு பெட்டியை வைத்திருக்கலாம். பெட்டியைக் கண்டால் உடனே ஓடவிட்டுப் பார்க்காதீர்கள். நாடாவின் முகப்பில் உள்ள கண்ணாடி வழியாகச் சுருளைப் பாருங்கள். கருப்பாகப் பளபளத்தால் நல்லது. வெள்ளையாகத் தெரிந்தால் பிளாஸ்டிக் பையில் தனியே வைத்து, தெரிந்தவரிடம் கொடுங்கள். எங்கள் எட்டு நிமிடம் இப்போது பெரியப்பாவின் கைப்பேசியில் இருக்கிறது. வலக்கையால் அதை நிறுத்தி, பின்னுக்குத் தள்ளி, அந்தக் கடைசி இருபது நொடியை மறுபடியும் மறுபடியும் பார்க்கிறார்.