விகிதமுறு மாற்றமும் இரட்டித்த வினையும்: யப்பானியமும் தமிழும்

யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் தம் கிணற்றைப்பற்றி, "இறைக்க இறைக்க உவர்க்குது" என்பர். சுண்ணக்கற் பாறையினுள் உவர்நீரின்மேல் தங்கியுள்ள நன்னீர் குறையுந்தோறும் உப்பு மேலெழுகின்றது. ஒன்று மாறும் அளவுக்கு மற்றொன்றும் சிறிது சிறிதாக மாறும் இத்தொடர்பினைச் செயவென் எச்சத்தை இரட்டித்த மாத்திரத்தே தமிழ் உணர்த்திவிடுகின்றது. யப்பானியர் இதனை எவ்வாறு கூறுவர்?

அம்மொழியில் இதற்குப் பல வழிகள் உள. 'நி த்ஸுரெத்தெ' என்பது உடன்கொண்டு செல்லுதலையும், 'நி ஷிதகத்தெ' என்பது பின்பற்றுதலையும் குறிக்கும் வினைகளின் வழிவந்தவை. வயது ஏற ஏற நினைவு குன்றும் எனக் கூற, 'தொஷி ஓ தொரு நி த்ஸுரெத்தெ' எனத் தொடங்கலாம். இதனை ஆளுங்கால் இருபக்க மாற்றமும் தாமே படிப்படியாக நிகழ்தல் வேண்டும். "வயது ஏற ஏற நடையைக் கூட்டுவோம்" எனப் பேசுவோரின் தீர்மானத்தை அதன்பின் வைத்தல் பொருந்தாது. 'ஷிதகத்தெ'யில் இத்தடை அத்துணை இறுக்கமானதன்று. தமிழிலோ இரண்டிற்கும் 'ஏற ஏற' ஒன்றே போதும்.

நம்மை ஈர்ப்பது மூன்றாவது வழியாகும். 'யொமெபா யொமு ஹொதொ ஒமொஷிரோய்' என்பதன் நேர்ப்பொருள் 'படித்தால் படிக்கும் அளவு சுவை'. அதாவது, படிக்கப் படிக்கச் சுவை. இங்கும் வினை இருமுறை வருகின்றது. 'ஹொதொ' என்பது அளவு. நம் 'எவ்வளவுக்கெவ்வளவு' என்பதிலும் அளவே பேசுகின்றது.

இத்தகைய ஒப்புமையைக் கண்டவுடன் இனவுறவு பேசும் ஆவல் நம்மவர்க்கு எழுவது இயல்பே. காக்குஷூயின் பல்கலைக்கழகப் பேராசிரியர் சுசுமு ஓனோ (1919–2008) தமிழ்–யப்பானிய உறவினை வற்புறுத்தினார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அ. சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் ஆகியோர் 1980களில் அவருடன் இணைந்து ஆய்ந்தனர். ஓனோ ஒலியொப்புமைகளையே முதன்மையாக எடுத்துக்காட்டினார். வரலாற்று மொழியியலாளர் பெரும்பாலோர் அவற்றை ஏற்கவில்லை. அவ்வழக்கு எவ்வாறு தீரினும், வினை இரட்டித்தலை அதற்குச் சான்றாக்குதல் தகாது என்பதே நம் கருத்து. சீனமும் 'யுவெ' என்னும் சொல்லை இருமுறை வைத்தே இப்பொருளை உணர்த்தும். அதுகொண்டு சீனத்தை நாம் உறவாக்குவதில்லை.

மேலும், உருவிலேயே வேற்றுமை உண்டு. யப்பானியத்தில் முதல் வினை 'படித்தால்' என நிபந்தனை எச்சமாய் நிற்க, அளவு தனிச்சொல்லால் வெளிப்படுகின்றது. தமிழில் அளவுச்சொல் இல்லை; சூழலே அளவைத் தருகின்றது. ஆதலின் தமிழ் வடிவம் விகிதத்துக்கு மட்டும் உரியதன்று. 'தாய் தடுக்கத் தடுக்கப் போனான்' என்பதில் விகிதம் ஏதுமில்லை. தடையை மீறியமையே பொருள். இதனை 'ஹொதொ' கொண்டு பெயர்ப்பின், தாய் எவ்வளவு தடுத்தாளோ அவ்வளவுக்கு மகன் விரைந்தான் எனப் பொருள் திரிந்துவிடும்.