விதைப்பைச் சிரை வீக்கத்திற்கு அறுவையில்லாச் சிகிச்சை

விதைப்பைச் சிரைகளில் இரத்தம் தேங்கி அவை புடைத்திருப்பதே வேரிகோசில். ஆண்களில் சுமார் 15 விழுக்காட்டினருக்கு, பெரும்பாலும் இடப்புறத்தில் காணப்படுகிறது. நெடுநேரம் நின்றாலோ இலை மூட்டை சுமந்தாலோ மந்தமான வலி கூடும், படுத்தால் குறையும். படுத்தும் வீக்கம் வடியாவிடில் வயிற்று ஸ்கேன் அவசியம்.

எப்போது சிகிச்சை தேவை?
தொந்தரவு இல்லையெனில் தேவையில்லை. தொடர் வலி, விதை சுருங்குதல், விந்தணுக் குறைபாட்டுடன் கூடிய குழந்தையின்மை ஆகியவற்றுக்குப் பரிந்துரைக்கப்படும்.

எவ்வாறு செய்யப்படுகிறது?
தொடை இடுக்கு அல்லது கழுத்துச் சிரை வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, எக்ஸ்ரே உதவியுடன், பழுதுற்ற சிரை உலோகச் சுருளால் அடைக்கப்படும். மரத்துப்போகும் ஊசியே போதுமானது. பெரும்பாலோர் அன்றே வீடு திரும்பலாம். சில நாள்களுக்குப் பளு தூக்கலாகாது. விந்தணு முன்னேற்றம் தெரிய 3 முதல் 6 மாதங்கள் ஆகலாம். சிலருக்கு வீக்கம் மீண்டும் வரக்கூடும்.

வால்பாறை மக்கள் கவனத்திற்கு
திடீரென எழும் கடும் விதை வலியை வேரிகோசில் எனக் கருதிவிடாதீர்கள்; அது விதை முறுக்கமாக இருக்கலாம். விதையைக் காக்க 6 மணி நேரத்திற்குள் அறுவை சிகிச்சை தேவை. பொள்ளாச்சிக்கு இறங்கவே 40 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். ஆகவே, கூச்சத்தாலோ, விடியட்டும் என்றோ காத்திராமல் உடனே 108-ஐ அழையுங்கள்.